குஸ்கோவிலிருந்து மச்சு பிச்சு வரை: இன்கா மலை நகரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரு நாட்டின் குஸ்கோ வட்டாரத்தில் இருக்கும் இன்கா காலத்து மலை நகரங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்காக எழுதியது இது. கேள்விகளில் பெரும்பாலானவை மச்சு பிச்சு பற்றியவை. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். அதனால் பதில்கள் அவ்வப்போது பக்கத்து ஊர்களுக்கும் போய்வரும்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? எதை முதலில் பார்ப்பது?

குஸ்கோ வட்டாரத்துக்கு மட்டும் ஒரு வாரம். ஐந்து நாளுக்குக் குறைந்தால் ஓட்டமும் களைப்பும்தான் மிஞ்சும்.

எதை முதலில் பார்க்கிறோம் என்பது பலர் நினைப்பதைவிட முக்கியம். லிமாவிலிருந்து விமானத்தில் குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காதீர்கள். அன்றைக்கே கார் பிடித்து உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் ஓயன்தாய்தாம்போ என்ற ஊர் வந்துவிடும். குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஓயன்தாய்தாம்போ ஏறத்தாழ 2,800 மீட்டர். அந்த 600 மீட்டர் வித்தியாசம் முதல் இரவுத் தூக்கத்தில் தெரியும். இரண்டு நாள் அங்கே தங்கி, பக்கத்தில் இருக்கும் பிசாக், மோராய் என்ற இன்கா இடங்கள், மாராஸ் உப்பளம் எல்லாம் பார்த்துவிட்டு, அப்புறம் ரயிலேறி மச்சு பிச்சு. குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும்.

கண்ணுக்கும் இந்த வரிசைதான் நல்லது. ஓயன்தாய்தாம்போவில் இன்கா காலத்துத் தெருக்களில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். தெரு ஓரத்துக் கல் வாய்க்காலில் மலைத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுச் சுவரின் கீழ்ப்பாதி இன்கா கல், மேல்பாதி பிற்கால மண் கட்டு. அந்த ஊரில் இரண்டு நாள் நடந்தவர் மச்சு பிச்சுவுக்குள் நுழையும்போது, இது வாசல், இது வாய்க்கால், இது களஞ்சியம் என்று தானாகவே அடையாளம் கண்டுகொள்வார்.

உயரம் ஒத்துக்கொள்ளுமா?

மச்சு பிச்சு 2,430 மீட்டர். நம் ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அங்கே பெரிய தொல்லை இருக்காது. சிரமம் தருவது குஸ்கோவும் அதற்கு மேலே இருக்கும் இடங்களும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமை இவை முதல் இரண்டு நாளில் யாருக்கும் வரலாம். வயது குறைவு, உடற்பயிற்சிப் பழக்கம் இதெல்லாம் இதில் காப்பாற்றாது.

முதல் நாள் மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், இரவுச் சாப்பாட்டைக் குறையுங்கள், மதுவைத் தொடாதீர்கள். அசிட்டசோலமைடு மாத்திரை பலருக்கு உதவுகிறது. ஆனால் கிளம்புவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் பேசாமல் டிக்கெட்டே போடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும்.

கோகா இலைத் தேநீர் குடிக்கலாமா? வாங்கிவரலாமா?

பெருவில் குடிக்கலாம். அங்கே அது சட்டபூர்வமானது. விடுதி வரவேற்பறையிலேயே வைத்திருப்பார்கள். மலைவாழ் கெச்சுவா மக்களின் வழிபாட்டிலும் உழைப்பிலும் கோகா இலைக்கு ஆழமான இடம் உண்டு. ஆனால் ஒரு இலைகூட, ஒரு தேநீர்ப் பொட்டலம்கூட ஊருக்குக் கொண்டுவராதீர்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கோகா இலை நேரடியாகவே இடம்பெற்றிருக்கிறது. வேலையில் போதைப்பொருள் பரிசோதனை இருப்பவர்கள் அங்கேயும் குடிக்க வேண்டாம். ஒரு கோப்பை குடித்தாலே பரிசோதனையில் தெரியக்கூடும்.

டிக்கெட் எப்படி வாங்குவது? ‘வட்டம் 1, 2, 3’ என்றால் என்ன?

பெரு கலாச்சார அமைச்சகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் வாங்க வேண்டும். டிக்கெட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். வாசலில் பாஸ்போர்ட்டையே கேட்பார்கள், நகல் செல்லாது. நாளைக்கு 4,500 பேர், கூட்டமான சில நாட்களில் 5,600 பேர் என்று உச்சவரம்பு உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் பல மாதங்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

2024 முதல் மூன்று வட்டங்களாகப் பாதையைப் பிரித்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கும் டிக்கெட் ஒரு வட்டத்துக்கு மட்டும்தான். ஒருவழிப் பாதை, வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது. வட்டம் 1 மேல்படிக்கட்டு வயல்களோடு நின்றுவிடும்; அங்கிருந்து நகரம் முழுவதும் தெரியும், ஆனால் நகரத்துக்குள் போக மாட்டீர்கள். வட்டம் 2, படங்களில் பார்க்கும் அந்தக் காட்சியையும் காட்டி நகரத்துக்குள்ளும் கூட்டிப்போகும். வட்டம் 3 கீழ்ப்பகுதி வழியாகப் போகிறது. சூரியக் கோயிலும் அரசர் குடியிருப்பும் அந்தப் பக்கம். வாய்னா பிச்சு சிகரம் ஏறுவதற்கான டிக்கெட்டும் அதில்தான் சேரும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வட்டம் 2. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கையில் பணமும் இன்னொரு நாளும் இருந்தால் மறுநாள் வட்டம் 3.

இணையத்தில் கிடைக்கவில்லையா? அடிவாரத்து ஊரான அக்வாஸ் கலியன்டேஸில் மறுநாளைக்கான டிக்கெட்டுகளில் ஒரு பங்கை நேரில் வரிசையில் நின்று வாங்கலாம். எந்த வட்டம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஒரு இரவு கூடுதலாகத் தங்க வேண்டியும் வரலாம்.

அங்கே எப்படிப் போவது?

குஸ்கோவிலிருந்து மச்சு பிச்சுவுக்கு நேரடிச் சாலை வழி கிடையாது. பெரும்பாலோர் ஓயன்தாய்தாம்போவிலிருந்து ரயிலில் அக்வாஸ் கலியன்டேஸ் போகிறார்கள். ஆற்றை ஒட்டியே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ரயிலில் சிறிய பைக்குத்தான் அனுமதி. பெரிய பெட்டியை விடுதியில் விட்டுவிட்டுப் போகலாம், அங்கே இது சர்வசாதாரணம். அக்வாஸ் கலியன்டேஸிலிருந்து மேலே போக பஸ் உண்டு, வளைந்து வளைந்து ஏற அரை மணி நேரத்துக்குள். நடந்தால் ஒன்றரை மணி நேரம், எல்லாம் செங்குத்தான படிகள்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் வேனில் ஹித்ரோஎலெக்ட்ரிகா என்ற இடம் வரை போய், அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டிப் பத்து கிலோமீட்டர் போல நடந்து அக்வாஸ் கலியன்டேஸ் சேர்வார்கள். நடை சமதளம்தான். ஆனால் வேன் பயணம் ஆறேழு மணி நேரம், மலை விளிம்புச் சாலை. மழைக்காலத்தில் அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எந்த மாதம் நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. ஜனவரியும் பிப்ரவரியும் உச்சம். 2010 ஜனவரியில் வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போனபோது, சிக்கிய பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் கடைசியும் மே மாதமும் என் தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், மலை இன்னும் பச்சை மாறாமல் இருக்கும், கூட்டம் சேர்ந்திருக்காது. ஜூன் 24 அன்று குஸ்கோவில் இன்டி ராய்மி என்ற சூரியத் திருவிழா நடக்கும். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்று. காலை ஆறு மணி டிக்கெட்தான் சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். ஈரமான மாதங்களில் அந்நேரம் நகரம் முழுக்க மூடுபனிக்குள் இருக்கும். பனி விலகக் காலை ஒன்பது, பத்து ஆகிவிடும். மழை மாதங்களில் போகிறவர்கள் கொஞ்சம் தாமதமான நேரத்தையே எடுங்கள்.

இதைக் கட்டியது யார்? எதற்காக? ஏன் கைவிட்டார்கள்?

15ஆம் நூற்றாண்டில், பச்சகூட்டி என்ற இன்கா பேரரசர் காலத்தில் கட்டியது. அரச குடும்பம் வந்து தங்குவதற்கான மலை மாளிகை, கூடவே வழிபாட்டிடம் என்பதுதான் இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. 2021இல் வெளிவந்த கார்பன் ஆய்வு, அங்கே ஏறத்தாழ 1420 முதல் 1530 வரை ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று காட்டியது. எல்லோரும் தங்கிய காலத்திலும் சில நூறு பேருக்கு மேல் இருந்திருக்க மாட்டார்கள்.

அங்கே புதைக்கப்பட்டவர்களின் மரபணுவை 2023இல் ஆராய்ந்தபோது, வேலைக்கிருந்தவர்கள் பேரரசின் பல மூலைகளிலிருந்தும், அமேசான் பக்கமிருந்தும் வந்தவர்கள் என்று தெரிந்தது. சூரியனுக்கு நேர்ந்துவிடப்பட்ட கன்னிப் பெண்கள்தான் அங்கே வாழ்ந்தார்கள் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும் கதையை எலும்பு ஆய்வுகள் எப்போதோ தள்ளிவிட்டன. யாராவது இன்னும் சொன்னால் நம்ப வேண்டாம்.

கைவிட்டதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 1520களில் அப்போதைய பேரரசர் இறந்ததும் மகன்களான வஸ்காருக்கும் அத்தவல்பாவுக்கும் உள்நாட்டுப் போர். அதோடு கொள்ளைநோய். 1532இல் ஸ்பானியர் வந்தார்கள், 1533இல் குஸ்கோ விழுந்தது. அரச குடும்பமே சிதறிய பிறகு இந்த மாளிகையைப் பராமரிக்க யார் இருந்தார்கள்? ஸ்பானியர் அங்கே குடியேறவில்லை. அதனால்தான் குஸ்கோ கோயில்களுக்கு நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை.

ஹிராம் பிங்காம்தானே கண்டுபிடித்தார்?

இல்லை. 1911 ஜூலை 24 அன்று அமெரிக்கரான பிங்காம் மேலே போனபோது, வழிகாட்டியது மெல்ச்சோர் ஆர்தேகா என்ற உள்ளூர் விவசாயி. மேலே ரிச்சார்தே, ஆல்வாரேஸ் குடும்பங்கள் அந்தப் படிக்கட்டு வயல்களிலேயே பயிர் செய்துகொண்டிருந்தன. இடிபாடுகளை அவருக்குச் சுற்றிக் காட்டியது அந்த வீட்டுச் சிறுவன் ஒருவன். அதற்கும் முன்பே, 1902இல், குஸ்கோ பகுதியைச் சேர்ந்த அகுஸ்தின் லிசாராகா தன் பெயரையும் ஆண்டையும் கோயில் சுவரில் எழுதிவிட்டுப் போயிருந்தார்.

பிங்காம் செய்தது உலகத்துக்கு அறிவித்தது. அவர் தேடிவந்தது இன்காக்களின் கடைசித் தலைநகரான வில்கபம்பாவை. மச்சு பிச்சுதான் அது என்று கடைசிவரை நம்பினார். உண்மையான வில்கபம்பா காட்டுக்குள் இருக்கும் எஸ்பிரித்து பம்பா. அங்கேயும் அவர் அதே ஆண்டு போய்வந்திருந்தார் என்பதுதான் ஆச்சரியம். அவர் யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன பொருட்கள் ஒரு நூற்றாண்டு கழித்துப் பெருவுக்குத் திரும்பின. குஸ்கோவில் காசா கோன்சா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மச்சு பிச்சு பார்த்துவிட்டு அங்கே போங்கள்.

உள்ளே எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

தண்ணீரைப் பாருங்கள். எல்லோரும் படம் எடுக்கும் இடத்தில் நின்றுவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறார்கள். இந்த நகரத்தின் மூளை அதன் வாய்க்காலில் இருக்கிறது.

மச்சு பிச்சு மலைச்சரிவில் ஒரு ஊற்று. அங்கிருந்து 749 மீட்டர் நீளத்துக்குக் கல் வாய்க்கால், மிகச் சிறிய சரிவில் நகரத்துக்குள் வருகிறது. வந்ததும் படிக்கட்டை ஒட்டி ஒன்றின் கீழ் ஒன்றாகப் பதினாறு நீர்த்தொட்டிகள். முதல் தொட்டி அரசர் வீட்டு வாசலில். தண்ணீர் முதலில் அவருக்கு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு. ஒரு தொட்டியின் அருகே நின்று பாருங்கள். பின்சுவரின் மேல் விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு குடைவு. அதன் வழியே தண்ணீர் கல்லை விட்டு விலகி, மெல்லிய தாரையாக விழும். குறுகிய வாய் உள்ள இன்கா குடத்தைக் கீழே வைத்தால் சிந்தாமல் நிரம்பும். கட்டி 500 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, தண்ணீர் இன்னும் விழுகிறது.

வேண்டாத தண்ணீரை வெளியேற்றுவது அதைவிடப் பெரிய வேலை. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் செங்குத்து மலை இது, பக்கத்தில் நிலநடுக்கப் பிளவுகளும் உண்டு. இதன் நீரமைப்பை ஆராய்ந்த பொறியாளர் கென்னத் ரைட்டும் தொல்லியலாளர் அல்ஃபிரெதோ வலென்சியாவும் ஒரு கணக்குச் சொன்னார்கள்: மொத்தக் கட்டுமான உழைப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. படிக்கட்டு வயல் ஒவ்வொன்றிலும் மேலே வளமான மண், அதன் கீழே மணல் கலந்த சரளை, அடியில் பெரிய கற்கள். நடுவில் இருக்கும் புல்வெளிச் சதுக்கத்துக்கு அடியிலும் கல் சில்லுகளை ஆழமாகக் கொட்டியிருக்கிறார்கள். சுவர்களில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் நூற்றுக்கு மேல் உண்டு, நடக்கும்போது தேடுங்கள்.

அடுத்தது சுவர்கள். சுண்ணாம்பு இல்லை, இரும்பு உளி இல்லை. கடினமான கல்லால் கொத்தி, தேய்த்து, ஒன்றோடொன்று பொருந்தும்வரை வேலை செய்திருக்கிறார்கள். சுவர்கள் லேசாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், வாசல்கள் மேலே குறுகியிருக்கும். நிலம் அதிரும்போது தாங்குவதற்கு இரண்டுமே உதவும். எல்லாச் சுவரும் ஒரே தரத்தில் இருக்காது என்பதையும் பாருங்கள். கோயிலிலும் அரசர் வீட்டிலும் இடைவெளியே தெரியாத நயம். களஞ்சியத்திலும் வேலைக்காரர் வீட்டிலும் மண் குழைத்து வைத்த சாதாரணக் கல். சுவரைப் பார்த்தே யார் இருந்த இடம் என்று சொல்லிவிடலாம்.

இன்டிஹுவடானா என்ற சடங்குக் கல்லின் ஒரு மூலை உடைந்திருக்கும். 2000ஆம் ஆண்டு ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் கிரேன் விழுந்து உடைந்தது. ஸ்பானியர் காலத்தையே தாண்டி வந்த கல் அது. கற்களைத் தொடாதீர்கள், மேலே உட்காராதீர்கள் என்று காவலர்கள் விசிலடித்தால் கோபப்படாமல் கேளுங்கள்.

வழிகாட்டி வேண்டுமா?

வேண்டும். உள்ளே விளக்கப் பலகைகள் கிடையாது. வாசலிலேயே அடையாள அட்டையுடன் வழிகாட்டிகள் நிற்பார்கள். தண்ணீர் பற்றியும் கல்வேலை பற்றியும் நிறையச் சொல்லுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால், வேற்றுக்கிரகவாசிக் கதைகளில் நேரம் போகாது.

வாய்னா பிச்சு ஏறலாமா?

உயரம் கண்டால் தலைசுற்றாதவர்கள் ஏறலாம். படிகள் குறுகலும் செங்குத்துமாக இருக்கும், சில இடங்களில் கம்பிக் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். மழை பெய்து கல் நனைந்திருந்தால் விட்டுவிடுங்கள். நகரத்துக்கு மேலே மச்சு பிச்சு மலை என்ற இன்னொரு சிகரம் இருக்கிறது; 3,000 மீட்டருக்கு மேல் உயரம், ஏற்றம் வாய்னா பிச்சுவைவிட நீளம், ஆனால் பயம் குறைவு.

இன்கா பாதையில் நடந்தே போவது எப்படி?

நான்கு நாள், சுமார் 42 கிலோமீட்டர். இரண்டாம் நாள் 4,215 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்க வேண்டும். கடைசிக் காலையில் இன்டி புங்கு என்ற சூரிய வாசல் வழியாக மச்சு பிச்சுவுக்கு இறங்குவீர்கள். தனியாகப் போக அனுமதி இல்லை, உரிமம் பெற்ற முகவர் மூலம்தான். சுமைதூக்குபவர்களையும் வழிகாட்டிகளையும் சேர்த்து நாளைக்கு 500 பேர். பயணிகளுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. பிப்ரவரியில் பாதையை மூடிவிடுவார்கள்.

முகவரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் கூடாரத்தையும் அடுப்பையும் முதுகில் சுமந்து அந்தக் கணவாயை உங்களுக்கு முன்னால் கடப்பவர்கள் பக்கத்துக் கிராமத்து விவசாயிகள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அவர்களுக்கு என்ன கூலி, எங்கே தூங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள், மழைச்சட்டை கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் முகவரிடம் போங்கள், கொஞ்சம் விலை கூடினாலும்.

மச்சு பிச்சு தவிர எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

ஓயன்தாய்தாம்போ கோட்டை. 1537 வாக்கில் மாங்கோ இன்கா என்ற அரசர் ஸ்பானியப் படையை இங்கே தோற்கடித்தார். வாய்க்கால்களைத் திறந்துவிட்டுச் சமவெளியை வெள்ளக்காடாக்கினார், குதிரைகள் ஓட முடியவில்லை. உச்சியில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஆறு பெரும் கற்பலகைகள் நிற்கும். அவை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில் வெட்டியவை. வழியில் நின்றுபோன கற்கள் இன்னும் வயலோரம் கிடக்கின்றன. ‘களைத்துப்போன கற்கள்’ என்பார்கள் ஊரார்.

குஸ்கோவுக்கு மேலே சக்ஸைவமான் என்ற இன்கா கட்டுமானம். நூறு டன்னைத் தாண்டும் கற்கள், வளைந்து வளைந்து மூன்று அடுக்கு. சின்னக் கற்களை எல்லாம் ஸ்பானியர் வீடும் தேவாலயமும் கட்டப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தூக்க முடியாதவைதான் மிஞ்சின. நகருக்குள் கோரிகாஞ்சா சூரியக் கோயிலின் மேல் தேவாலயம் நிற்கிறது. 1950 நிலநடுக்கத்தில் தேவாலயம் பெருமளவு இடிந்தது, அடியில் இருந்த இன்கா சுவர்கள் அசையாமல் நின்றன.

நல்ல நடைக்காரர்களுக்கு சோக்கேகிராவ் என்ற இன்கா மலை நகரம். அபூரிமாக் ஆற்றுப் பள்ளத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கி, மறுபக்கம் அதே அளவு ஏற வேண்டும். போகவர நான்கு நாள். வெள்ளைக் கற்களால் லாமா உருவங்கள் பதித்த படிக்கட்டு வயல்கள் அங்கே உண்டு. பெரும்பகுதியை இன்னும் காடு மூடியிருக்கிறது. கூட்டம் அறவே கிடையாது.

சக்ஸைவமான், பிசாக், ஓயன்தாய்தாம்போ, மோராய் போன்றவற்றுக்குச் சேர்த்து ‘போலெத்தோ துரிஸ்திகோ’ என்ற பொது டிக்கெட் இருக்கிறது, பத்து நாள் செல்லும். மச்சு பிச்சு இதில் சேராது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். உருளைக்கிழங்கின் தாயகமே ஆண்டிஸ் மலைதான். நிறம் நிறமாக வரும். பெரிய மணிச் சோளம், கீன்வா, அவரை வகைகள், பாலாடைக்கட்டி எங்கும் உண்டு. ரொக்கோட்டோ மிளகாய் நம் நாக்குக்கும் காரம். கவனிக்க வேண்டியது சூப். காய்கறி சூப் என்றே எழுதியிருந்தாலும் கோழி வேகவைத்த நீரில் செய்திருப்பார்கள். ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ’ (இறைச்சி, கோழி, மீன் வேண்டாம்) என்று மூன்றையும் சொல்லுங்கள். ‘கார்னே’ மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும்.

விசா, தடுப்பூசி?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பெரு விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் விசாவில் ஏதாவது ஒன்று குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தாலோ, அந்நாடுகளில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தாலோ சுற்றுலாவுக்குத் தனி விசா தேவைப்படாது. விதிகள் மாறும் என்பதால் தூதரகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மலைப்பகுதிக்கு அது தேவைப்படாது. ஆனால் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் பெருவையும் இந்தியா வைத்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் முன்கூட்டியே போடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

படி ஏறி இறங்க முடிகிறவர்கள் என்றால் தாராளமாக. கைப்பிடி இல்லாத, உயரம் மாறும் கல் படிகள் நிறைய, முழங்கால்தான் தீர்மானிக்கும். ஊன்றுகோலுக்கு அடியில் ரப்பர் பூண் இருந்தால் அனுமதிப்பார்கள். கழிப்பறை வாசலுக்கு வெளியே மட்டும்தான், உள்ளே எங்கும் இல்லை. போவதற்கு முன் இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாடும் உள்ளே கொண்டுபோக முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பஸ் ஏறுவதற்கு முன் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். அவர்களுக்காக ஓயன்தாய்தாம்போவில் மூன்று இரவும் அக்வாஸ் கலியன்டேஸில் இரண்டு இரவும் போடுங்கள், ஒரே நாளில் ரயிலில் போய்த் திரும்பும் திட்டம் வேண்டாம்.